இடதுபக்கக் கண்ணாடி

டிப்போவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். மூக்குக்கண்ணாடியால் வந்த பெயரல்ல. வண்டியில் ஏறியதும் பக்கக் கண்ணாடிகளைத் திருப்பி, இறக்கி, துடைத்து, எட்டிப் பார்த்து, மறுபடியும் திருப்பி... "அண்ணே, பஸ் எடுக்கப் போறீங்களா, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்ளும்வரை விடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகாவது அந்தக் குணம் போயிருக்கலாம். எங்கே போனது!

மகள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுப் பைத்தியம். பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், அதோடு வந்த பஸ்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு, அப்பா கடைசிவரை ஓட்டிய நகரப் பேருந்தையே செய்து சேர்த்திருந்தாள். கிழிந்த சீட்டு, வளைந்த கியர் கம்பி, கதவு மூடும்போது வரும் முனகல், எல்லாம் அச்சு அசல். புறப்படும் இடம் அவர்கள் தெருமுனை நிறுத்தம். மேஜைமேல் ஸ்டீயரிங், காலடியில் பெடல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் குணம் விடுமா?

"கண்ணாடி சரியில்லம்மா. பாதி வானம்தான் தெரியுது."

"விளையாட்டுதானேப்பா!"

"விளையாட்டுன்னா? இன்னும் கீழ இறக்கு. கொஞ்சம் வெளிய திருப்பு. அந்த மூலைக் கடை தெரியணும். கடைசி நேரத்துல ஓடி வர்ற ஆளு தெரிய வேண்டாமா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, காதில் விழுந்திருக்காது.

பல வருஷம் முன்பு, மனைவியின் அப்பா வெளியூர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த நாளில், அவள் அந்த மூலைக் கடையைத் தாண்டிப் பையோடு ஓடிவந்தாள். அவர் வண்டியைப் பிடித்தால்தான் ரயிலைப் பிடிக்கலாம். கண்ணாடியில் அவள் முகமே தெரிந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க டிப்போவில், வீட்டம்மாவுக்காகத் தனி பஸ் விடுகிறார் என்று ஒரே கிண்டல். வீம்பு ஏறியது. வண்டியை எடுத்துவிட்டார். அவள் அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை. திரும்பி வந்து, "நான் ஓடி வந்தேனே, பார்க்கலையா?" என்று கேட்டாள். "பார்க்கலையே" என்று வாய் சொல்லிவிட்டது. நம்பினாள் பாவி. நான்தான் சீக்கிரம் கிளம்பியிருக்கணும் என்று இத்தனை வருஷமும் தன்னையே நொந்துகொண்டாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார். உண்மை மட்டும் வாயில் வராது.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அம்மா, நீயும் ஒரு தடவை ஓட்டு" என்றாள் மகள்.

"அவளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அவர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"ஏன், எனக்கு வராதா?" மனைவி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். திரையில் ஜனங்கள் ஏறினார்கள். இடதுபக்கக் கண்ணாடியில், மூலைக் கடையைத் தாண்டி, பையோடு ஒரு பெண் ஓடிவந்தாள்.

"எடும்மா, லேட்டாகுது. பாயின்ட் போயிடும்" என்றாள் மகள்.

அவள் எடுக்கவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"இவ்வளவு தூரமா தெரியும் இதுல?"

"நிஜ வண்டியில எப்பவுமே இப்படித்தானாம்மா. அப்பாதான் பார்த்துப் பார்த்து வெச்சாரு. மூலைக் கடை தெரிஞ்சே ஆகணுமாம்!" மகளுக்கு என்ன தெரியும், பாவம்.

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. "அன்னைக்கும் இப்படித்தான் வெச்சிருந்தீங்களா?"

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வரவில்லை.

"ஆமா" என்றார். "பார்த்தேன். நீதான்னு தெரிஞ்சுது."

திரையில் அந்தப் பெண் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தாள். கதவு முனகிக்கொண்டு மூடியது. மேலே சிவப்பு எழுத்தில், தாமதம் அரை நிமிடம் என்று வந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரை நிமிஷம்தானா?" என்றாள். "எங்கப்பா என் பேரைச் சொல்லிக்கிட்டே கிடந்தாராம்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரமெல்லாம் ஏற்கெனவே கழுவியாகிவிட்டது.