காப்பிரி வேஷம்

போன மாதம் கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தபோது, நாங்கள் குடியிருந்த சந்தில் புதிதாக முளைத்திருக்கும் ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்தேன். சுவரில் ஒரு கரும்பலகை, அதில் சாக்கட்டியால் எழுதிய பானங்களின் பெயர்கள். பால் சேர்க்காத கறுப்புக் காப்பிக்குக் 'காப்பிரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே சுருட்டும் வாயுமாகப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு கறுப்பு முகம். இது யார் தம்பி என்று கடைப் பையனிடம் கேட்டேன். "லோக்கல் கோஸ்ட், மேடம். வெரி க்யூட்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அவனோடு என்ன சண்டை? சண்டை போடவேண்டியவர்கள் கப்பலேறிப் போய் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது.

அந்தச் சந்தின் கோடியில் வெட்டுக்கல்லால் எழுப்பிய பழைய சுவர் ஒன்று உண்டு. உள்ளே ஓர் ஆளைப் படுக்கவைக்கலாம், அவ்வளவு தடிமன். அதிலிருந்த சின்ன மாடத்தில் காப்பிரி முத்தப்பன் இருப்பதாக எல்லோருக்கும் நம்பிக்கை. சிலை கிடையாது, பூசாரி கிடையாது. வேண்டுதல் உள்ளவர்கள் எந்த மதமானாலும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அவித்த முட்டையும் சுருட்டும் வைத்துவிட்டுப் போவார்கள். சுவருக்கு அடியில் போர்த்துக்கீசியப் பறங்கிக்காரன் புதைத்த புதையல் இருக்கிறது, அதை அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதுவரை எனக்கும் தெரியும்.

அம்மா தேனிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தபோது பாஷை தெரியாது, ஆள் தெரியாது. அந்த மாடத்தைப் பார்த்த அன்றுதான் அவளுக்கு மூச்சு வந்ததாம். சுருட்டு, முட்டை, கறுப்பு நிறம், காவல் வேலை. இதற்குமேல் என்ன அடையாளம் வேண்டும்? "இது நம்ம கருப்பசாமிடீ. மலையாளத்துக்கு வந்து பேரு மாறிப்போச்சு, அவ்வளவுதான்" என்பாள். என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அதற்கு இலக்கணமும் சொல்லி வைத்திருந்தார். காக்கிறவர், அதனால் காப்பிரி. எதிர்க்கரையில் இருக்கும் வைப்பின் தீவுக்கு வண்டிகளை ஏற்றிப்போகும் ஜங்கார் படகில் கயிறு கட்டும் வேலை அவருக்கு. படகுத்துறையில் அடிபடும் கதைகளெல்லாம் அவர் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்கு வரும், பாதி உப்பும் பாதி புளியும் சேர்ந்து.

எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா அங்கேதான் ஓடுவாள். அப்பா குடித்துவிட்டு வந்தாலும் அங்கேதான். மழை விட்டு வெயில் வரவேண்டும் என்றுகூட அவரிடம் கேட்டிருக்கிறாள். சுக்குக் கிடங்கில் வேலை பார்த்தவளுக்கு வெயில் வரவில்லையென்றால் கூலி இல்லையே. இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி முற்றத்தில் காயப்போடுவார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது அம்மாவின் முழங்கை வரை, கணுக்கால் வரை வெள்ளைவெளேரென்று இருக்கும். மற்ற இடமெல்லாம் என்னைப்போலக் கறுப்பு.

நான் நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் 'காப்பிரி' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் பெருமைதான். சாமியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்குக் கசக்கும்? என்ன என்று திரும்பிப் பார்ப்பேன். அவர்கள் சிரிப்பார்கள், நானும் கூடச் சிரிப்பேன்.

நாலாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்குக் கொச்சியின் சரித்திரத்தை நாடகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. ராஜா, மந்திரி, மிளகு வியாபாரி, பறங்கிக் கப்பல்தலைவன் என்று டீச்சர் வேஷங்களைப் பங்கிட்டுக்கொண்டே வந்தார். கப்பல்தலைவனாக ஒரு டாக்டர் வீட்டுப் பெண், பாலைப்போல வெளுப்பு. காப்பிரி யார் என்ற கேள்வி வந்ததும் வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. டீச்சரும் பார்த்துச் சிரித்தார். "இவள்க்கு கரி தேய்க்கண்டல்லோ" என்றார். கரி பூசுகிற செலவு மிச்சம் என்று அர்த்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை எந்த நாடகத்திலும் நான் மரமாகக்கூட நின்றதில்லை. இப்போது எடுத்த எடுப்பில் சாமி வேஷம்!

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முத்தப்பனே உன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று என்னை இழுத்துக்கொண்டு போய் அந்த மாடத்தின் முன்னால் நிறுத்தினாள். அன்றைக்கு இரண்டு முட்டை வைத்தாள்.

ஒத்திகையில் எனக்கு வசனம் எதுவும் இல்லை. கழுத்தில் சங்கிலியோடு வரவேண்டும். கப்பல்தலைவன் வாளால் தொட்டதும் புதையல் பானைக்குப் பக்கத்தில் படுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். சாமி எதற்காகப் படுக்கிறார் என்று மாமாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் திணறினார். பிறகு, வாளால் தொடுவது பதவி கொடுப்பது மாதிரி, காவல் வேலைக்கு ஆர்டர் என்றார். ராத்திரி முழுக்கக் கண்விழிக்கப் போகிறவர் பகலில் கொஞ்சம் கண்ணயர வேண்டாமா என்றும் கேட்டார். நியாயம்தானே என்று தோன்றியது எனக்கு. அடுத்த நாளே படகுத்துறையிலிருந்து துருப்பிடித்த நிஜச் சங்கிலி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். காகிதச் சங்கிலியோடு போனால் நம் வீட்டுக்குத்தான் மானக்கேடு என்றார்.

விழா நாளன்று அம்மாவுக்குக் கிடங்கில் லீவு கிடைக்கவில்லை. நல்ல சேலை பெட்டியிலேயே இருந்துவிட்டது. வேலை முடிந்தும் முடியாமலும் கை காலில் சுண்ணாம்போடு ஓடிவந்து மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். கப்பல்தலைவனுக்கு முகத்தில் டப்பா டப்பாவாகப் பவுடர் அப்பியிருந்தார்கள், இருந்தும் என் அம்மாவின் கை அளவுக்கு வெள்ளையாகவில்லை. பேசாமல் அம்மாவையே பறங்கியாகப் போட்டிருக்கலாமே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நாடகம் தொடங்கியது. சங்கிலியை இழுத்துக்கொண்டு நான் மேடைக்கு வந்ததும் கூடமே சிரித்தது. கடைசி வரிசையிலிருந்து விசிலும் வந்தது. ராஜாவுக்குக்கூட அவ்வளவு வரவேற்பு இல்லை. நான் இன்னும் நன்றாக இழுத்து நடந்தேன்.

ஒத்திகையில் இல்லாத ஒன்று அன்றைக்கு இருந்தது. டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சிக்கும் கதை சொன்னார். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் காப்பிரிகளைக் கொண்டுவந்தார்கள் என்றார். கறுத்த அடிமைகள், சந்தையில் விற்கவும் வாங்கவும் செய்தார்கள் என்றார். ஒல்லாந்தர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது, தப்பி ஓடவேண்டியிருந்த பறங்கிகள் பொன்னைச் சுவருக்கடியில் புதைத்தார்கள், அதைக் காப்பதற்காக ஆளுக்கொரு காப்பிரியை வெட்டிக் கூடவே புதைத்தார்கள் என்றார். பள்ளிக்கூடத்துக்கு மணி அடிப்பது எப்போது என்று அறிவிக்கும் அதே குரலில் சொன்னார். நான் எதையும் கவனிக்கவில்லை. எனக்கு என் படுக்கை ஞாபகம்தான்.

"எடா காப்பிரீ! ஞான் வருன்னது வரெ இது நோக்கணம்!" என்று கப்பல்தலைவன் கத்தினான். நான் வரும்வரை இதைப் பார்த்துக்கொள் என்று அதற்குப் பொருள். அட்டை வாள் என் கழுத்தில் பட்டது. நான் அழகாகச் சரிந்து படுத்தேன். கூடம் கைதட்டியது.

கண்ணை மூடிக்கொண்டிருந்த என்மேல் ஒரு கை விழுந்தது. சுண்ணாம்பு வாசனை அடித்தது. அம்மா மேடைக்கு வந்துவிட்டிருந்தாள்! என் கழுத்துச் சங்கிலியைப் பிய்க்காத குறையாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என் தோளெல்லாம் வெள்ளை வெள்ளையாக அவள் விரல் ஒட்டியது. "எழுந்திரிடீ. எழுந்திரின்னா!" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. திரை விழும்வரை அசையக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தாரே.

டீச்சர் ஓடிவந்தார். "சேச்சி, இது நாடகமல்லே. எறங்கிப் போ" என்றார், வெறும் நாடகம்தானே அக்கா என்று.

"இந்த வெட்டுப்பட்டவன் பேரென்ன டீச்சர்?" என்று கேட்டாள் அம்மா.

"காப்பிரி."

"அது பேரா? மைக்குல 'காப்பிரிகள்'னு சொன்னீங்களே! கப்பல் கப்பலா வந்தவங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பேரா? ராஜாவுக்குப் பேரு இருக்கு, அந்த வெட்டுனவனுக்குப் பேரு இருக்கு. இவனைப் பெத்தவ ஒரு பேரு வெச்சிருக்க மாட்டாளா?"

பாதி தமிழும் பாதி மலையாளமுமாக அவள் கத்தியது யாருக்கும் முழுதாகப் புரியவில்லை. புரிந்தவர்களும் சிரித்தார்கள். "பாண்டிச்சிக்கு வெளிச்சப்பாடு வந்திருச்சு" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், சாமி வந்து ஆடுகிறாள் என்று கேலி. பாண்டி என்பதுதான் அந்த ஊரில் எங்களுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர். டீச்சர் கையைக் காட்டினார், திரை விழுந்தது, அடுத்த நிமிஷம் குழு நடனத்துக்குப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

வரும் வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இப்படிச் செய்துவிட்டாளே! நீ எதுக்கு வந்தே, என் வேஷத்தைக் கெடுத்துட்டே என்று அவள் முதுகில் குத்தினேன். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். சந்துமுனை வந்ததும் மாமாவைத்தான் பிடித்தாள்.

"உனக்குத் தெரியுமாடா இது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்க்கா. நீ சாமின்னு கும்பிடுற. அதை எதுக்குக் கெடுப்பானேன்னுதான்..."

"கெடுப்பானேன்னா! வெட்டிப் போட்டவங்க ஒரு வேலை கொடுத்துட்டுப் போனாங்க. நான் பாவி, என் பங்குக்குத் தினம் ஒரு வேலை கொடுத்திருக்கேனேடா. மழையை நிறுத்து, காய்ச்சலை இறக்கு, குடிகாரனைத் திருத்துன்னு. செத்தும் ஓயவிடலையே அந்த மனுஷனை!"

அம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. என்னைத் திட்டவில்லை, மாமாவை அடிக்கவில்லை, அப்புறம் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. யாரோ எப்போதோ செத்துப்போனதற்கு இப்போதென்ன?

இன்று விளங்குகிறது. விளங்கினால் போதுமா, ஆத்திரம் அடங்க வேண்டுமே. இங்கிருந்து மிளகை ஏற்றிப்போன வியாபாரக் கூட்டம்தான் அங்கிருந்து மனிதர்களை ஏற்றி வந்தது. பறங்கியை விரட்டிய ஒல்லாந்தரும் யோக்கியர்கள் இல்லை. அவர்கள் இந்த ஊர்ப்பக்கத்துச் சனங்களையே வாங்கிக் கப்பலேற்றினார்கள். கோட்டைக்கும் தெருவுக்கும் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. அடியில் கிடப்பவனுக்குக் கிடைத்ததோ ஒரு வசவு, அதுவும் இப்போது காப்பிக் கடைப் பலகையில். காப்பிரி என்றால் காக்கிறவர் இல்லை, பறங்கி வாயிலிருந்து வந்த இழிசொல் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். படித்த அன்று, என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்கள் என்பதும் சேர்ந்து புரிந்தது.

நாடகம் நடந்த அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் போய் ஓர் இலையில் சோறும் மீன்குழம்பும் அவித்த முட்டையும் எடுத்துவந்தாள். சாமிக்குப் படைக்கிற மாதிரி துளித்துளியாக அல்ல, வேலையிலிருந்து வரும் அப்பாவுக்கு வைப்பாளே, அந்த அளவு. மாடத்தில் இலையை வைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீரும் வைத்தாள். மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, கும்பிடவும் இல்லை. சங்கிலியைத் தூக்கி மாமாவின் காலடியில் போட்டு, கொண்டுபோய்க் கடலில் எறி என்றாள். பிறகு சுவரைப் பார்த்து, பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க அண்ணே. காத்தது மதி."

மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லையாவது மலையாளத்தில் சொல்லாவிட்டால் இத்தனை காலமாக இந்த ஊரில் கிடப்பவருக்குப் புரியாது என்று நினைத்தாளோ என்னவோ. அதற்குப் பிறகு அந்தச் சந்தில் இருந்த வரைக்கும் அவள் அவரிடம் எதையுமே கேட்கவில்லை. வருஷாவருஷம் அந்த நாளில் சோறு மட்டும் வைப்பாள்.

எனக்கோ அன்றைக்குப் பெரிய கவலை பிடித்துக்கொண்டது. அழுகை ஓய்ந்துபோய், கன்னத்தில் கண்ணீரும் தோளில் சுண்ணாம்புமாக, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அவர் போயிட்டா புதையலை யாரும்மா காப்பாங்க?"

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் உட்கார்ந்து, என் கழுத்தில் சங்கிலி பதிந்திருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அந்தக் கப்பல்காரன் பட்ட கவலையை, அவன் வெட்டிப்போட்டவனின் வேஷத்திலேயே நின்றுகொண்டு நான் பட்டேன் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.