கணக்குக்குப் பதிலா ட்ராயிங்காம்!

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நாலு. அக்கா போனபிறகு அவள் பிள்ளைகள் ரெண்டு பேரையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பினேன், ஒரு வாத்தியாரோடும் சண்டை போட்டதில்லை.

போன வாரம் போட்டேன்.

என் பேத்தி வெண்ணிலா ஒன்பதாம் வகுப்பு. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் அவளுக்கு இடம் மாறி மாறித் தெரியும். அவள் ஒரு வரி முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் பக்கத்தையே திருப்பிவிடுவார்கள். டிஸ்லெக்ஸியா என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அவள் பள்ளியில் மூன்று வழி வைத்திருக்கிறார்கள் — எல்லோரும் படிக்கிற கணக்கு, கொஞ்சம் சுலபமான கணக்கு, ரெண்டும் வேண்டாமென்றால் ட்ராயிங். எது என்று முடிவு பண்ண மீட்டிங். அவள் அம்மா செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமைக்கிறாள், லீவு கிடைக்கவில்லை. வெண்ணிலாவைக் கூட்டிக்கொண்டு நான் போனேன்.

ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றே வரவேற்றார்.

“வாங்கம்மா, வாங்க! பத்திரிகையில வர்ற உங்க பத்திய ஒரு வாரம் விடாம படிச்சுடுவேன். என்னமா எழுதுறீங்க!”

மனசு குளிர்ந்துதான் போனது... பொய் சொல்வானேன்?

உட்கார்ந்ததும் சொன்னார். “வெண்ணிலாவுக்கு ட்ராயிங் போட்டுட்டோம்மா. டெஸ்ட் வெச்சுப் பாத்தாச்சு. பாதிக் கேள்விய தொடவே இல்ல. பாவம், எதுக்குக் கொழந்தைய கஷ்டப்படுத்தணும்?”

போட்டுட்டாராம். அப்புறம் மீட்டிங் எதற்கு — காபி குடிக்கவா?

“சார்... எனக்கு ட்ராயிங் சுத்தமா வராது சார்” என்றாள் வெண்ணிலா. உண்மை. அவள் வரைந்த பசுவை நாற்காலி என்று நினைத்து நான் பாராட்டியிருக்கிறேன். “பிளஸ் ஒன்ல காமர்ஸ் எடுக்கணும் சார். இப்பவே கணக்க விட்டுட்டா அங்க போயி என்ன சார் பண்ணுவேன்?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“டெஸ்ட்ல கேள்விய யாராவது படிச்சுக் காட்டுனாங்களா?” என்று கேட்டேன்.

“அதெப்படிம்மா? அது காப்பியடிக்கிற மாதிரி ஆயிடாதா? மத்த பேரண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“சார், எம் பத்திய விடாம படிக்கிறீங்க இல்ல? அதுல எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்... நான் ரெண்டாங்கிளாஸ். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு எழுத்துக்கூட்டுவேன், அவ்ளோதான். நான் சொல்லச் சொல்ல எம் பேரன் கார்த்தி எழுதுறான். பேரு மட்டும் எம்பேருல வருது. அது காப்பியா?”

“அது வேறம்மா...”

“என்ன வேற?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்தில் பார்க்கிறோமே... நடக்க முடியாதவர்கள் ஆட்டோவில் மலையைச் சுற்றுகிறார்கள். ‘உனக்குக் கால் வராது, வீட்டில் உட்கார்ந்து மலையைப் படம் வரை’ என்று யாரையாவது திருப்பி அனுப்புகிறோமா?

“அந்த டெஸ்ட் பேப்பர்ல ஒரே ஒரு கேள்வி. நீங்களே படிங்க சார்” என்றேன்.

வேண்டாவெறுப்பாகப் படித்தார். ஒரு தோட்டம், அகலத்தைவிட நீளம் நாலு மீட்டர் அதிகம், சுற்றளவு முப்பத்தாறு — நீளம் அகலம் என்ன? அவள் இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னாள். படித்தார். மேஜையில் விரலால் கட்டம் போட்டாள். வெகுநேரம் போட்டாள்.

“அகலம் ஏழு சார். நீளம்... பன்னெண்டு.”

“பதினொண்ணு” என்றார்.

தப்புதான். ஏழும் நாலும் பதினொன்று. ஆனால் அது கணக்கில் செய்த தப்பு, கணக்கு டீச்சர் திருத்தக்கூடிய தப்பு! இத்தனை நாளும் அவள் படிப்பதில் செய்த தப்பை அல்லவா கணக்கில் போட்டு ஃபெயிலாக்கினார்கள்?

அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். “திங்கக்கெழம மறுபடி டெஸ்ட் வெக்கிறோம்மா. டீச்சர் ஒருத்தர் கேள்விய படிச்சுக் காட்டட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்” என்றார்.

சுலபக் கணக்குதான் அவளுக்குச் சரி என்று வந்தால் வரட்டும், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

டேய் கார்த்தி, எழுதினத ஒரு வாட்டி படிச்சுக் காட்டு. சத்தமாவே படிடா... எனக்குப் படிச்சுக் காட்டுனா யாரும் காப்பின்னு சொல்ல மாட்டாங்க!