தினம் நாற்பத்தைந்து நிமிடம்

ஜிம்மில் சேர்ந்த அன்று நான் கேட்ட முதல் கேள்வி, "கொறஞ்சது எத்தன நிமிசம் பண்ணுனாப் போதுமுங்க?" என்பதுதான். எதற்காகச் சேர்கிறேன் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். இப்போது யோசித்தால் அந்த வரிசையிலேயே என் லட்சணம் தெரிகிறது.

நாமக்கல்லில் திருச்செங்கோடு சாலையில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ஜிம். நடத்துகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். கபடி ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். நான் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன் என்றதும், லாரிக்குப் பாடி கட்டுகிறவர் சொந்தப் பாடியைக் கட்ட வந்திருக்கிறார் என்று, ஊரே சொல்லிச் சலித்துப்போன நகைச்சுவையை அவரும் ஒருமுறை சொன்னார். சிரித்து வைத்தேன். பிறகு கேள்விக்குப் பதில் சொன்னார்.

"தெனம் நாப்பத்தஞ்சு நிமிசமுங்க. வாரத்துல அஞ்சு நாளு. முடியலீன்னா முப்பது. அதுவும் முடியலீன்னா இருவது. ஆனா நாள் தவறாம வரோணும்."

எனக்கு இருபது என்பது மட்டும் காதில் விழுந்தது. அதையும் விடவில்லை. "ஞாயித்துக்கிழம பட்டற லீவு. அன்னைக்கு மொத்தமா ரெண்டு மணி நேரம் பண்ணிட்டா ஆகாதுங்களா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு நாள் சோத்த ஞாயித்துக்கிழமையே சேத்துத் தின்னுட்டு இருந்துக்குவீங்ளா?" என்று கேட்டுவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டணம் கட்டியவனிடம் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன்.

நான் ஜிம்மில் சேர்ந்தது என் அக்காவுக்காக. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, சேலத்தில் டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்து எழுந்து நடமாடுவாள் என்று கோவையில் பெரிய மருத்துவர் சொன்னார். மாமாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை, அவரிடம் எடுக்க முடியாது. இருப்பது ஒரே மகள். "அவகிட்ட வாங்கி நான் பொழைக்கறதா? அதுக்கு இப்படியே போறேன்," என்று அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். அப்பா அம்மா இல்லை. மிச்சம் நான்தான்.

உடம்பு விசாரிக்க வந்த உறவுக்காரர்கள் அவள் வீட்டுக் கூடத்தில் நிறைந்திருந்த ஒரு நாளில், நான் எழுந்து நின்று, "என்ற கிட்னியக் குடுக்கறேன். எங்கக்காளுக்குக் குடுக்காம வேற யாருக்கு?" என்றேன். பெரியவர் ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெண்கள் அழுதார்கள். "பொறந்தா இப்பிடி ஒரு பொறப்போட பொறக்கோணும்," என்றார்கள். அக்கா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஒரு மாதத்துக்குப் போகிற இடமெல்லாம் எனக்கு மரியாதை. கொடுப்பதற்கு முன்பே கொடுத்தவனாகிவிட்டேன். எனக்குக் கேடு அங்கேதான் ஆரம்பித்தது.

கோவையில் என்னைச் சோதித்தார்கள். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாமும் பொருந்தியது. ஆனால் என் எடை தொண்ணூற்றாறு கிலோ. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வரும் எல்லையில் நின்றது. மருத்துவர் ஒரு அம்மா. சுற்றி வளைக்காமல் சொன்னார்: "பன்னெண்டு கிலோ குறைங்க. நாலு மாசம் டைம் எடுத்துக்குங்க. குறைச்சா சர்க்கரையும் இறங்கிடும், ஆபரேஷன் வெச்சுக்கலாம். தினம் முக்கால் மணி நேரம் உடம்புக்குன்னு ஒதுக்குங்க, போதும்." எனக்குச் சிரிப்பு வந்தது. உடம்பைக் கீறி ஒரு உறுப்பையே கொடுக்கத் துணிந்தவனுக்கு முக்கால் மணி நேரம் ஒரு பெரிய விஷயமா?

பெரிய விஷயமாகத்தான் இருந்தது. காலை ஆறு மணிக்கே பட்டறையிலிருந்து போன் வந்துவிடும். மரம் வரவில்லை, வெல்டர் வரவில்லை, பெயின்டர் கோபித்துக்கொண்டு போய்விட்டான். வண்டிக்காரர்கள் கடன் வாங்கி, பாடி இல்லாத வெறும் சேஸிஸாக வண்டி எடுத்திருப்பார்கள். சொன்ன தேதிக்குப் பாடி கட்டிக் கொடுக்காவிட்டால் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இருபது வருடத்தில் ஒரு வண்டியைக்கூட நான் ஒரு நாள் தாமதமாகக் கொடுத்ததில்லை. அதில் எனக்குத் தலைக்கனமே உண்டு. "நமக்கு டைமுன்னா டைமுதான்," என்று சொல்லிக்கொள்வேன்.

அந்த மனிதன்தான் ஜிம்முக்கு வாரத்தில் மூன்று நாள் போனான். பிறகு இரண்டு நாள். போன நாளிலும் டிரெட்மில்லில் எட்டு நிமிடம், பிறகு பெஞ்சில் உட்கார்ந்து போனில் மரக்கடைக்காரரோடு பன்னிரண்டு நிமிடம். இருபது ஆகிவிட்டது என்று இறங்கிவிடுவேன். இறங்கினால் எதிரே பேக்கரி. அங்கே டீயும் ஒரு தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு தெரிந்தவர்களோடு பேச எனக்கு அரை மணி நேரம் தாராளமாகக் கிடைத்தது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான்.

என் மனைவி கேழ்வரகும் கீரையுமாகச் செய்து வைத்துக்கொண்டு பார்த்தாள். சட்டைப் பொத்தான் இன்னும் இழுத்துப் பிடிப்பதையும் அவள்தானே பார்க்கிறாள்? ஒரு நாள் கேட்டே விட்டாள்.

"ஏனுங்க, குடுக்கறதுக்கு மனசிருக்குதுங்களா, இல்லீங்களா? இல்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடுங்க. அவிங்களாச்சும் வேற வழி பாப்பாங்க."

நான் கத்தினேன். என்ன பேச்சுப் பேசுகிறாய், என் ரத்தத்துக்கு நான் செய்ய மாட்டேனா, என் வேலை உனக்குத் தெரியுமா என்று ஊரைக் கூட்டுகிற அளவுக்குக் கத்தினேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு மனது இருந்தது. நாளைக்கே ஆபரேஷன் என்று கூப்பிட்டிருந்தால் போய்ப் படுத்திருப்பேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் யாரும் பார்க்காத ஒரு மாடியில், யாரும் கையெடுத்துக் கும்பிடாத முக்கால் மணி நேரத்தைத் தினமும் கேட்டார்கள். அதைக் கொடுக்க என்னால் முடியவில்லை.

இரண்டாவது மாதம் முடியும்போது மாமா, ஆபரேஷனுக்கு முன்னால் மகள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார். அக்கா கண்ணால் பார்த்துவிடட்டும் என்பது அவர் எண்ணம். மாப்பிள்ளை முன்பே பேசி வைத்த இடம்தான். ஐந்து வாரத்தில் முகூர்த்தம். தாய்மாமன் நான். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் சும்மா இல்லை. மண்டபத்து வாசலில் எத்தனை தட்டு இறங்கியது என்பதைப் பத்து வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஐந்து வாரமும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு நேரம் வந்ததோ! நூற்றியொரு தட்டு என்று முடிவு செய்தேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு நான்கு தடவை போனேன். முந்திரி, கற்கண்டு, பேரீச்சை, பித்தளைத் தாம்பாளம் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். இனிப்புக்கு மூன்று இடத்தில் ருசி பார்த்து, நான்காவது இடத்தில் சொன்னேன். அழைக்கப் போன வீடுகளிலெல்லாம் கை நனைக்காமல் விடவில்லை. பட்டறையில் புதிதாகக் கட்டி முடித்த ஒரு லாரியை, அதன் சொந்தக்காரரிடம் கேட்டு ஒரு நாளுக்கு வாங்கி, வாழைமரமும் பூவும் கட்டி, அதில்தான் சீரை ஏற்றுவது என்று ஏற்பாடு. பெயின்டரை உட்காரவைத்து முகப்பில் மயில் வரையச் சொன்னேன். பக்கத்திலேயே நின்றேன், ஒரு நாள் முழுக்க. அந்த ஐந்து வாரத்தில் ஜிம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கபடிக்காரர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

எனக்குக் குற்ற உணர்ச்சியும் இல்லை. அதுதான் இப்போது வயிற்றெரிச்சல். அக்காவுக்காகத்தானே ஓடுகிறோம் என்று நிம்மதியாக ஓடினேன்.

கல்யாணத்தன்று லாரி மேளத்தோடு மண்டப வளாகத்துக்குள் வந்தபோது கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. செல்போனில் படம் பிடிக்காத ஆள் இல்லை. சீரை எதிர்கொள்ள அக்கா வாசலில் இருந்தாள். நிற்க முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல்நாள்தான் டயாலிசிஸ் முடித்து வந்திருந்தாள். பட்டுச் சேலைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையை மறைக்க முந்தானையை இழுத்துச் சுற்றியிருந்தாள். தட்டுகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து உள்ளே போயின. என்னைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை செய்தாள். குனிந்தேன்.

"இத்தன தட்டு எதுக்கு சாமி?" என்றாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். "அங்க போயிட்டிருக்கியா?"

"போறேன்க்கா. தெனமும் போறேன்," என்றேன்.

மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சத்தமாகச் சொன்னேன். ஒரு பொய்யை இரண்டு முறை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு ஆரத்தித் தட்டைத் தொட்டுக்கொடுத்தாள்.

நான்காவது மாதம் முடிந்து மாமாவும் நானும் கோவைக்குப் போனோம். எடை மெஷினில் ஏறி நின்றேன். தொண்ணூற்றெட்டு. என்னை இறங்கி மறுபடி ஏறும்படி நர்ஸ் சொன்னார். மெஷின் மீது தப்பில்லை. எடையைக்கூட விடுங்கள், எப்படியாவது பேசி இன்னும் இரண்டு மாதம் வாங்கியிருப்பேன். பேரம் பேசுவதில் எனக்கென்ன குறை? ஆனால் ரத்தச் சோதனைத் தாள் வந்ததும் அந்த மருத்துவ அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை வந்துடுச்சு. இனி எடை குறைச்சாலும் உங்ககிட்ட எடுக்க மாட்டோம். நாளைக்கு உங்களுக்கே அந்தக் கிட்னி தேவைப்படும்."

"எடுத்துக்குங்க மேடம், எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல. எழுதிக் குடுத்துடறேன்," என்றேன். அவர் இரக்கத்தோடு பார்த்தார் என்றுதான் மாமா பிறகு சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. தினமும் இப்படி ஒருவனைப் பார்க்கிறவர் பார்க்கிற பார்வையாகத்தான் பட்டது.

திரும்பும் வழியில், சங்ககிரி தாண்டும்போது மாமா கேட்டார். "டீ சாப்பிடலாமுங்களா, மாப்ள?" அவர் அங்கேயே இறங்கி நான்கு வசவு வைதிருந்தால், அடித்திருந்தால்கூட, எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மனிதர் என் டீயில் சர்க்கரை போடவேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னார்.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். பட்டறை, வேலை, கல்யாண அலைச்சல் என்று ஏதேதோ உளறினேன். "உடு சாமி," என்றாள். "உனக்கு நேரமில்ல. அதுக்கென்ன பண்றது?" குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் சிறுநீரகத்துக்குப் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறோம். அந்த வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. மாமாவுக்குப் பார்வை மங்கிவிட்டதால் அக்காவை இப்போது சேலத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். வாரம் மூன்று நாள். மெஷினில் மாட்டினால் நான்கு மணி நேரம். போக வர நேரம் தனி. பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் இல்லாமல் வண்டிகள் சொன்ன தேதிக்கே வெளியே போகின்றன.

அந்த நான்கு மணி நேரத்தில் செய்வதற்கு எதுவும் கிடையாது. என் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பேன். முக்கால் மணி நேரம் நடந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பேன். இவ்வளவுதானா என்றிருக்கும். சில நாள் இன்னொரு தடவையும் நடப்பேன். கையை வீசி, பல்லைக் கடித்துக்கொண்டு, யார் மீதென்று தெரியாத கோபத்தோடு நடப்பேன். யார் மீதென்று தெரியாதென்ன, தெரியும்.

போன வாரம் நடந்து முடித்து வேர்வையோடு உள்ளே வந்தேன். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்த சத்தத்தில் விழித்தவள், என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். என் பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தேன். ஊசி இல்லாத கையை நீட்டி அந்த பெல்ட்டைத் தொட்டாள்.

"நல்லா எளச்சுட்டே, சாமி," என்றாள்.

சந்தோஷமாகத்தான் சொன்னாள். இன்னும் மூன்று மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.