உள்ளேயிருந்து வந்த பதில்

எங்கள் ஹங்கேரிய மொழியில் ஓர் இடத்தை விட்டு வருவதைச் சொல்ல, சொல்லின் கடைசியில் மூன்று வால் உண்டு. உள்ளேயிருந்து என்றால் பொல், மேலேயிருந்து என்றால் ரொல், பக்கத்திலிருந்து என்றால் தொல்.

திராட்சைச் சாறு பொங்கும் மாதத்தில் நிலவறைக்குள் கெட்ட காற்று தேங்கும். மெழுகுவத்தியை முன்னால் நீட்டிக்கொண்டே இறங்குவோம். அது அணைந்தால் ஓடிவந்துவிட வேண்டும். பக்கத்து நிலவறைக்காரி எதெல்காவின் அப்பா அந்தக் காற்றில்தான் செத்தார். அதனால் புருஷன் வென்டெல் இறங்கினால் அவள் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருப்பாள்.

"எங்கேருந்து பேசுற, மனுஷா?"

"படிமேலேருந்துதான். நீ பொண்டாட்டியா, போலீஸா?"

கல்லறைத் திருநாளன்று வீட்டிலிருந்த மெழுகுவத்தி எல்லாவற்றையும் அவள் அப்பாவின் கல்லறைக்கு எடுத்துப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது நிலவறைக் கதவு திறந்து கிடந்தது. வழக்கம்போலக் கேட்டாள்.

"அறைக்குள்ளேருந்து," என்று குழறலாக வந்தது. படிமேல் நிற்பவனின் ரொல் இல்லை, பொல். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் சத்தமில்லை.

அவள் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள். "அண்ணே, அந்த ஆளு மெழுகுவத்தி இல்லாம வெறுங்கையோட எறங்கிட்டாரு. நான் போறேன்."

"நீ போனா ரெண்டு பொணம். கயித்தைப் பிடி. நான் விழுந்தா இழு."

கயிற்றை இடுப்பில் கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படிக்குக் கீழே கிடந்தவனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். மார்பு வெடிக்கப்போவதுபோல இருந்தது. மேலே அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

புல்லில் போட்டபின் வெகுநேரம் கழித்து வென்டெல் இருமினான்.

"ஏன்டி அழுவுற, சாறு கொட்டிடுச்சா?"

அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தவள், இருட்டும்வரை விடவில்லை.