வெள்ளை ஏப்ரன் கட்டிய அண்ணனும் நானும்

எனக்கு ஒரே ஒரு அண்ணன். அவரோடு பேச்சு நின்று வருடக்கணக்காகிவிட்டது. காரணம் ஒரு தேங்காய். சிரிக்காதீர்கள், நிஜமாகவே தேங்காய்தான்.

அப்பா விட்டுப்போன மானாவாரிக் காட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, பொதுவில் ஒரு போர்வெல் போடலாம் என்று முடிவு செய்தோம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். சரியாக வரப்பின் மேல் வந்ததும் அது சடாரென்று நிமிர்ந்து நின்றது. என் பக்கம் சாய்ந்து நின்றது என்றேன் நான். தன் பக்கம் என்றார் அண்ணன். பேச்சு முற்றி, அவரவர் பக்கத்தில் தனித்தனியாகப் போர் போட்டோம். இரண்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை, புகைதான் வந்தது. அப்போதாவது வெட்கப்பட்டுச் சேர்ந்திருக்கலாம். சேரவில்லையே! அவருக்கு அரூரில் மரக்கடை, எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் உரக்கடை. சொந்தக்காரர் கல்யாணத்தில் அவர் முதல் பந்தி என்றால் நான் இரண்டாவது பந்தி. ஒரே பஸ்ஸில் அகப்பட்டுக்கொண்டால் ஆளுக்கொரு ஜன்னல். எனக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பேசலாம் என்றால் கால் வராது. திமிர், வேறென்ன?

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாய் நிறையப் பஞ்சோடு நான் பதில் சொல்ல முடியாமல் கிடந்தபோது, ஃப்ரீமேசன் சங்கத்தைப் பற்றி ஆரம்பித்தார்.

“அங்க சாதி, மதம், அரசியல் எதுவும் பேசக்கூடாதுங்க. கலெக்டரா இருந்தாலும் கடைக்காரரா இருந்தாலும் ஒருத்தருக்கொருத்தர் பிரதர்தானுங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன். கூடப்பிறந்தவர்தான் பேசவில்லை, கூடப் பிறக்காதவர்களாவது பேசட்டுமே என்று தலையை ஆட்டினேன்.

சும்மா சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். வீட்டில் விசாரிக்க வேண்டுமாம். கொளுத்தும் வெயிலில் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று என் மனைவியிடம் கேட்டார்கள்.

“தீர்த்தமலைக் கோயிலுக்குப் போகாம ஒரு மாசம் இருக்க மாட்டாருங்க,” என்றாள். பிறகு கதவோரம் நின்றுகொண்டு, “நீங்க ரகசியமா ஆடு வெட்டுவீங்களாமே?” என்று கேட்டே விட்டாள்.

“ஐயோ, இல்லீங்க. கூட்டம் முடிஞ்சா கோழி பிரியாணி, அவ்வளவுதானுங்க.”

அவர்கள் போனதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏங்க, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரியே பஜ்ஜி தின்னுட்டுப் போறாங்க. புடிச்சிருக்கான்னு வூட்டுல போய்ச் சொல்லி அனுப்புவாங்களா?”

பிடித்திருந்தது போலிருக்கிறது. அடுத்த மாதமே கூப்பிட்டார்கள்.

தர்மபுரியில் ஒரு மாடி. வாசலில் ஒருவர் உருவிய வாளோடு நின்றார். பகலில் பார்த்தால் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவர். உடம்பில் உலோகம் ஒன்றும் இருக்கக்கூடாது என்றார்கள். வாட்ச், மோதிரம், பெல்ட் எல்லாம் கழற்றினேன். இடுப்பில் வெள்ளி அரைஞாண்கொடி இருந்தது.

“அதையும் கழட்டணுங்களே.”

“அதைக் கழட்டறதுன்னா நான் செத்ததுக்கு அப்புறந்தானுங்க,” என்றேன்.

பெரிய சிக்கல். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் என் இடுப்பைச் சுற்றி நின்று ஆங்கிலத்தில் ஆலோசனை நடத்தினார்கள். கடைசியில் பத்திரக்காரர் வாளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கீழே பூக்கடைக்குப் போய்க் கறுப்புக் கயிறு வாங்கி வந்தார். முதலில் கயிற்றைக் கட்டி, பிறகு கொடியைக் கழற்றினார்கள். நானும் சாகவில்லை, சட்டமும் சாகவில்லை.

அப்புறம் கண்ணைக் கட்டினார்கள். ஒரு பக்கம் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, கழுத்தில் ஒரு கயிற்றை மாட்டினார்கள். சந்தைக்குப் போகும் மாடு மாதிரி நின்றேன். உள்ளே யாரோ என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். நான் சொல்ல வேண்டிய ஆங்கிலப் பதில்களை ஒவ்வொன்றாகக் காதில் முணுமுணுத்தார். கெட்டியான கை, தடுக்கி விழாமல் பார்த்துக்கொண்டது. இந்த பிரதர் யாரோ தங்கமானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கண்கட்டை அவிழ்த்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அண்ணன்.

இடுப்பில் சங்கத்துக்காரர்கள் முன்னால் கட்டிக்கொள்ளும் ஏப்ரன், கையில் நீளக் கோல். அவர் ஆங்கிலம் பேசி ஆயுளில் நான் கேட்டதில்லை, குரலை எப்படிக் கண்டுபிடிப்பேன்? எங்களுக்கு ஒரே இனிஷியல்தான். ஆனால் எங்கள் பக்கம் அந்த இனிஷியல் ஊருக்குப் பாதிப் பேருக்கு இருக்கும். அண்ணன் தம்பி என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. மரத்துக்கு விலை சொல்லும்போது இருக்கிற அதே முகம்.

எனக்கும் வெள்ளை ஏப்ரன் கட்டினார்கள். தலைவர் அதன் விதியைச் சொன்னார். மனஸ்தாபம் உள்ள பிரதர் ஒருவர் உள்ளே இருந்தால் இதைக் கட்டிக்கொண்டு நுழையக்கூடாது. இருவரும் வெளியே போய்ப் பேசித் தீர்த்துக்கொண்டு வர வேண்டும். தீராவிட்டால் ஒருவர் விலகிப் போக வேண்டும். வழக்கமாகச் சொல்கிற வாசகம்தான் போலிருக்கிறது, தலைவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

அண்ணன் கோலைத் தரையில் தட்டினார். “ஐயா, எனக்கும் இந்தப் புது பிரதருக்கும் மனஸ்தாபங்க.”

சபை திகைத்துப்போனது. இப்படி யாரும் சொன்னதே இல்லையாம். தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். பல் டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், பிடுங்கிய பல்லைத் திரும்ப நட்டுவிடுவார் போலிருந்தது. வீட்டில் ஒதுக்கியது போதாதென்று இங்கேயும் துரத்துகிறாரா மனுஷன்!

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பெஞ்சில் உட்காரக்கூட இல்லை, நான் ஆரம்பித்துவிட்டேன்.

“என்னைத் தொரத்தத்தான அப்படிச் சொன்ன?”

“கத்தாதடா. தொரத்தறதுன்னா போன மாசமே தொரத்தியிருப்பேன். உம் பேரு ஓட்டுக்கு வந்துச்சு. பொட்டியில வெள்ளையோ கருப்போ ஆளுக்கொரு உருண்டை போடணும். ஒரே ஒரு கருப்பு வுழுந்தாலும் ஆளை எடுக்க மாட்டாங்க.”

“நீ என்ன போட்ட?”

அவர் ஏப்ரன் நாடாவை இழுத்து இழுத்து விட்டார். “வெளிய நீயும் பேச மாட்ட, நானும் பேச மாட்டேன். உள்ள வந்தாத்தான் இப்படி ஒரு சட்டம் இருக்குது, பேசித்தான ஆவணும்? வெள்ளையத்தான்டா போட்டேன்.”

அழுதேன், அதில் என்ன வெட்கம்? ஒரு கால் சுருட்டிய பேண்ட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து, வாள் பிடித்தவர் வாசலில் நிற்க, கேவிக் கேவி அழுதேன். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

பத்திரக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். “முடிஞ்சுதுங்களா பிரதர்? உள்ள எல்லாரும் பசியோட காத்திருக்காங்க.”

முடிந்தது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அண்ணன் என் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

“இல்லீங்க, பெரிய சண்டை. இன்னும் நேரம் ஆவும்,” என்று அவரை அனுப்பிவிட்டு, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“உம் மவ இப்ப என்னடா படிக்கிறா?”