கல்லறைத் தோட்டத்தில் எட்டு ரவுண்டு

பாண்டி பஜாரில் சட்டைத்துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் என் கணவருக்கு நெஞ்சைப் பிடித்தது. இரண்டு ஸ்டென்ட். மூன்று மாதம் கழித்து டாக்டர், "தாராளமா நடங்க சார், எவ்ளோ தூரம் வேணும்னாலும்" என்றார். 'நடங்க' காதில் விழுந்தது. 'தாராளமா' விழவில்லை. சாந்தோமில் எங்கள் தெருமுனைப் பூங்காவில் எட்டு ரவுண்டு, அதற்கு மேல் ஓரடி இல்லை. எங்கள் மொட்டைமாடி கண்ணைவிட்டு மறையாத தூரத்துக்குள் அவர் உலகத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டார். அடையாறுக்குக்கூட வருவதில்லை. அவருக்கு ஐம்பத்தாறு வயதுதான். இனி இவ்வளவுதானா என்று நான் யாரிடம் கேட்பது?

மகள் ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் நர்ஸ். மே மாதம் வாங்க என்று ஒரே பிடிவாதம். மகள் பேச்சைத் தட்ட முடியாமல் விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்தவர், ஊர் வந்து இறங்கியதும் வாசலிலிருந்து மலையைப் பார்த்து, "உள்ள போலாம்மா, காத்து அடிக்குது" என்றார்.

ஊர் என்றால் ஒரே தெரு. ஒரு கடை. ஒரு கோயில், எங்கள் வீட்டில் கோயில் என்றாலே மாதா கோயில்தான், இது வேறு சபை என்றாலும் கோயில்தான். அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம், அதற்குப் பின்னால் மலை. கடைக் கண்ணாடியில் நடைபாதைகளின் வரைபடம் ஒட்டியிருந்தது: பச்சைப் பாதை ஓடையோரம், சிவப்பு மலை உச்சிக்கு, நீலம் காட்டுக்குள் புகுந்து அருவிக்கு.

எனக்குக் கால் தரிக்கவில்லை. பச்சையில் போனேன். தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் ஓடியது. அழுக்கில்லை, மலைமேல் இருக்கும் கருப்பு மண்ணின் சாறு என்றாள் மகள். சரிவெல்லாம் மஞ்சள் பூத்த முட்புதர். குனிந்து முகர்ந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், தேங்காய் வாசனை. ஐயாயிரம் மைல் தாண்டி வந்து ஒரு முள்செடி என் சமையலறையைத் திறந்துகாட்டியதில் அங்கேயே நின்று சிரித்தேன். ஆட்டுக்குட்டிகள் நிமிர்ந்து பார்த்தன. திரும்பி வந்து இதையெல்லாம் சொன்னால் அவர், "நீ பாத்தாச்சுல்ல, போதும்" என்பார்.

அவருக்குக் கல்லறைத் தோட்டம் வசதியாகப் போயிற்று. மகள் வீட்டு ஜன்னல் அங்கிருந்து தெரியும். காலை ஒன்பதுக்கு மங்கி குல்லா, கைகள் முதுகுக்குப் பின்னால், தலை குனிந்து, விரல் மடக்கி எண்ணியபடி எட்டு ரவுண்டு.

மூன்றாம் நாள், கடைக்காரப் பெண்மணி தன் இரண்டு நாய்களோடு வேலியருகே நின்று அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறார். அந்த ஊர் ஆங்கிலம் ஒரு வார்த்தைகூட இவருக்குப் பிடிபடவில்லை. புரியாத இடத்தில் நம்மூர் மனிதர் என்ன செய்வார்? சிரித்தபடி "யெஸ், யெஸ்" என்று தலையை ஆட்டியிருக்கிறார். இன்னொன்று கேட்க, அதற்கும் "யெஸ்".

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கல்லறைகளுக்கு நடுவே ஐந்து பேர் குனிந்து புல்லை விலக்கிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் மண்டிபோட்டிருந்தார். என் கணவரும் அவர்களோடு சேர்ந்து மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

மகள் ஓடினாள். "டாடி, என்ன தேடறீங்க?"

"தெரியலடி. எல்லாரும் தேடறாங்களே, சும்மா நின்னா மரியாதையா இருக்காது."

விஷயம் இதுதான். மூன்று நாளாக ஒருவர் குனிந்த தலையோடு அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்று ஊரே கவலைப்பட்டிருக்கிறது. என்ன தொலைந்தது, சாவியா, மோதிரமா? எல்லாவற்றுக்கும் யெஸ்.

அவர் நடக்கத்தான் வந்தார் என்று மகள் விளக்கியதும் கடைக்காரப் பெண்மணி ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்காமல் கேட்டது எனக்கே புரிந்தது: "நடக்கவா? அப்படியானால் ஏன் எங்கேயும் போகவில்லை?" கேட்டுவிட்டு, நான் அருவிப் பக்கம்தான் போகிறேன், வாருங்கள் என்று நாய்களோடு கிளம்பிவிட்டார். ஊரையே மண்டிபோட வைத்த குற்றவுணர்வு. மாட்டேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. போனார்.

பின்னால் மகளும் நானும். பீச் என்ற காட்டு மரங்களின் இளம் இலைகளில் வெளிச்சம் பச்சையாக வடிந்தது. அடியில் நீலப்பூக்கள், தரைமேல் புகை படிந்ததுபோல. அரை மணி நேரத்தில் ஒரு மரப்பாலம். நாய்கள் இழுக்க, கடைக்காரப் பெண்மணி முன்னால் போய்விட்டிருந்தார். அங்கே அவர் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. திரும்பிப் பார்த்தார். வீடு இல்லை, கோபுரமும் இல்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உதட்டுக்கு மேல் வியர்வை.

"வலிக்குதா?" என்றேன்.

"வலியெல்லாம் இல்ல." போனை மறுபடி எடுத்துப் பார்த்தார். "இங்க ஏதாவது ஆச்சுன்னா யாரு வருவா?"

மகள் எதிரே குந்தி உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வாட்சைப் பார்த்தாள். "தொண்ணூத்தாறு. நடந்தா இவ்ளோ இருக்கணும் டாடி. என் பல்ஸ் பாருங்க, நூத்திரெண்டு. பயம் உங்களவிட எனக்குத்தான்."

அவர் நிஜமாகவே அவள் கையைப் பிடித்து எண்ணினார். முழு ஒரு நிமிடம். உதடுகள் அசைந்தன. பெண்ணுக்கும் பயம் என்பதை அவர் அதுவரை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. எழுந்தார். "அந்தம்மா காத்துக்கிட்டிருப்பாங்க. வாங்க."

அருவி எங்கள் வீட்டு மொட்டைமாடி உயரம்தான் இருக்கும். அவர் அதன்முன் இடுப்பில் கைவைத்து நின்று, "குத்தாலத்துக்காரன்கிட்ட இத அருவின்னு சொன்னா அடிக்க வருவான்" என்றார். சாரல் கண்ணாடியை நனைக்க, துடைக்காமல் நின்றார். திரும்புகையில் அவர் விரல்கள் எதையும் எண்ணி மடங்கவில்லை. நான் கவனித்தேன்.

சென்னை வந்தபின் இரண்டு வாரம் ஜெட்லாக், வெயில், சாக்குகள். போன சனிக்கிழமை காலை அவரே செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றியா?" என்றார். கடற்கரையோரமாகத் தெற்கே. பட்டினப்பாக்கம், காயும் வலைகள், கட்டுமரத்துக்குப் பதில் வந்த ஃபைபர் படகுகள், அதற்கும் அப்பால் அடையாறு கடலில் விழும் முகத்துவாரம்வரை போகலாம் என்று திட்டம். பாதித் தூரத்தில் மணலில் எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது.

"ஏங்க, போதும், திரும்பலாம்."

"இன்னும் கொஞ்சம்தான்."

மீன் அலசிக்கொண்டிருந்த ஒரு அம்மா தலை நிமிர்த்தி, "இன்னா சார், வூட்டம்மாவ பின்னால வுட்டுட்டு எங்க ஓடிக்கினு கீற?" என்றார்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நின்றார். ஈரமணலில் எனக்காகக் காத்திருந்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர, "அவசரமில்ல, மெதுவா வா" என்றார். மூச்சு எனக்குத்தான் வாங்கியது.