ஐந்தாம் மேசைக்குப் பின்னால்

பை திறந்த மறுகணம் மரியம்மாவின் குச்சி உள்ளே போய்விடும். சீனச் சாப்பாட்டுக் கடையில் நூடில்ஸோடு தருகிற மூங்கில் குச்சிதான், சோடியில் ஒன்று. நிர்வாகம் கொடுத்த பிளாஸ்டிக் தடி லொக்கரில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. கையை மட்டும் உள்ளே விடமாட்டார். "ஆற்றையோ பைக்குள்ளை கையை விட்டா அது களவு. குச்சியை விட்டா அது உத்தியோகம்" என்பது அவர் தமக்குத் தாமே இயற்றிக்கொண்ட சட்டம். குச்சி இடமிருந்து வலம் ஒருமுறை துழாவும், சுருண்டு கிடக்கிற சால்வையை ஒருமுறை கிளப்பிப் பார்க்கும், வெளியே வந்துவிடும். ஆளுக்கு நாலு வினாடி. பிறகு தலை நிமிராமல், "என்ஜோய் த ஷோ." ரொறன்ரோ ஏரிக்கரையோரத்து இசையரங்கம் ஒன்றின் வாசலில், பை சோதிக்கிற ஐந்தாம் மேசையில் நின்று, ஐம்பத்தொன்பது வயது மரியம்மா இதைப் பதினாறு வருடமாகச் சொல்லிவருகிறார். அந்த ஷோக்களில் ஒன்றையேனும் அவர் பார்த்ததில்லை.

பார்க்கவில்லையே தவிர கேட்டிருக்கிறார். அதுவும் பாதிதான். "சுவருக்குள்ளாலை மேல்ச்சத்தம் வராது. அடிச்சத்தம் மட்டும் காலுக்குள்ளாலை ஏறும். எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் அடிப்பாதி." குழுக்களின் பெயர்கள் அவர் நாவில் நிற்பதில்லை, நிற்கவேண்டிய தேவையும் இல்லை. லண்டனிலிருந்து வருகிற எழுபது வயது ரொக் பாடகர்கள் அவருக்குக் 'குளிசைக்காரர்'. அவர்களுடைய ரசிகர்களின் பைகளில் பிரஷருக்கு விழுங்குகிற குளிசையும் வாசிப்புக் கண்ணாடியும் ஊதி நிரப்புகிற குசனும் தவறாமல் இருக்கும். கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சோகமாகப் பாடுகிறவர்கள், கேட்க வருகிறவர்களின் பையெல்லாம் கண் துடைக்கிற கடதாசி என்பதால், 'ரிஸ்யூக் கூட்டம்'. லீட்ஸ் நகரத்திலிருந்து இரண்டே பேர் வந்து, ஒரு தந்தியையும் மீட்டாமல், ஒரு தோலையும் அடிக்காமல், வயர் பின்னிய பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஐயாயிரம் பேரை ஆட்டிவைப்பார்கள். அவர்கள் 'பெட்டி தட்டிற ஆக்கள்'. அந்தக் கூட்டத்தின் பைகளில் சூயிங்கம், மடிப்பு விசிறி, காதடைப்பான். "காசு குடுத்துச் சத்தம் கேக்க வந்து, காதுக்கு மூடியும் கொண்டுவருதுகள்."

பிரிட்டிஷ் குழு என்றால் மரியம்மாவுக்கு வேலை இனிக்கும். "லைனிலை நிண்டு பழகின சனமெல்லே" என்பார். பாடுகிறவர்கள்தான் பிரிட்டிஷ், வரிசையில் நிற்பவர்கள் ஓஷவாவிலும் மிஸ்ஸிசாகாவிலும் பிறந்தவர்கள் என்று எடுத்துச் சொல்லிப் பயனில்லை. பணியாளர் அறைக் கதவில் சித்திரையிலேயே இலையுதிர்காலப் பட்டியல் ஒட்டப்பட்டுவிடும். இந்த வருடம் ஐந்து பிரிட்டிஷ் சுற்றுப்பயணங்கள். அதில் ஒன்று பிரியாவிடை. "குளிசைக்காரர் மூண்டாந்தரமும் கடைசிமுறையா வருகினமாம். என்ரை மனுசன் யோசப்பின்ரை பெரியண்ணையும் உப்பிடித்தான். போட்டுவாறன் எண்டு சப்பாத்தையும் கொழுவிக்கொண்டு வாசலிலை நிண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பார்."

அந்தப் பிரியாவிடைகளில் ஒன்றுக்கு மார்க்கம் நகரத்திலிருந்து ஒரு தமிழர் தனியே வந்தார். பையில் ஈயத்தாள் சுற்றிய ஆறு மட்டன் றோல்ஸ். வெளிச்சாப்பாடு உள்ளே போகக்கூடாது. மரியம்மா குச்சியால் ஈயத்தாளை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, அங்காலை தள்ளி நிண்டு சாப்பிட்டிட்டு வாங்கோ. உங்கடை இடத்தை நான் பாக்கிறன்" என்றார். மனிதர் நாலைச் சாப்பிட்டார். மிச்சம் இரண்டும் விதிப்படி பறிமுதல் செய்யப்பட்டு, விதியில் இல்லாத முறையில் முடிந்துபோயின.

முன்பின் தெரியாத ஒருவரை அண்ணை என்று அழைத்த அதே வாயால், நன்றாகத் தெரிந்த ஒருத்தியை மரியம்மா ஒருமுறை 'மேம்' என்று அழைத்திருக்கிறார்.

அது பதினாலு வருடத்துக்கு முன் ஓர் ஒக்டோபர் மாதத்துப் புதன்கிழமை. பெட்டி தட்டுகிறவர்கள் முதல்தடவை ரொறன்ரோ வந்திருந்தார்கள். மரியம்மாவுக்குப் புதனில் வேலை கிடையாது. வராமல் போன ஒருத்தியின் ஷிப்டைக் கடைசி நேரத்தில் ஏற்றுக்கொண்டு வந்திருந்தார். நாலாம் மேசையில் கமலாம்பிகை. அஜின்கோர்ட்டில் குடியிருப்பவர். கோயில், தமிழ்ப்பள்ளிக்கூடம், கலியாண மண்டபம் மூன்றிலும் ஆள் பழக்கம். அவர் காதில் ஒன்று விழுந்தால் அது பஸ்ஸுக்கு முதல் தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ போய்ச் சேர்ந்துவிடும் என்று வேலையிடத்தில் பேச்சு.

கதவு திறக்கச் சற்று முன்னர் கமலாம்பிகை கேட்டார்: "உம்மடை மகள் இப்ப என்ன செய்யிறா மரியம்?"

"அவள் கூட்டாளி வீட்டிலை படிக்கிறாள் அக்கா. சோதனை வருகுது. மெடிசின் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறாள்."

பொய்யில்லை. ஸ்டெபனி காலையில் சொல்லிவிட்டுப் போனது அதைத்தான்.

இருபது நிமிடம் கழித்து மேசைக்கு வந்த பை தெரிந்த பையாக இருந்தது. நாவல் நிறம், வெள்ளி வளையம். நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு மட்டும் மரியம்மா தலை நிமிர்ந்தார். பதினேழு வயது ஸ்டெபனி, கண்ணோரத்தில் மினுக்கப் பொட்டுகளோடு, பின்னால் இரண்டு சிநேகிதிகள் தள்ள, மேசைக்கு முன்னால் நின்றாள். மெல்ல, "அம்மா" என்றாள்.

நாலு அடி தள்ளிக் கமலாம்பிகை.

"ஸ்டெப் ஃபோர்வேட், மேம்" என்றார் மரியம்மா. "ஓப்பின் யுவர் பாக், மேம்." குச்சி இடமிருந்து வலம் போய் வந்தது. "என்ஜோய் த ஷோ."

மகளுக்குத் தாம் செய்த ஆகப் பெரிய உபகாரமாக மரியம்மா இதை வெகுகாலம் நினைத்திருந்தார். பிடித்துத் திருப்பி அனுப்பவில்லை. தலைமயிரில் பிடித்து இழுக்கவில்லை. வீட்டுக்குப் போயும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நன்றி என்று எடுத்துக்கொண்டார். ஸ்டெபனி மெடிசினுக்குப் போகவில்லை, காது கேட்கிறதா என்று சோதிக்கிற படிப்புப் படித்தாள். "டொக்டர் மாதிரித்தான்" என்று மரியம்மா சொல்லிக்கொண்டார். மகளுக்கு உத்தியோகம் கிடைத்து, இனி யாரும் எதுவும் சொல்ல இயலாது என்று ஆனபிறகு, அந்தப் புதன்கிழமைச் சம்பவம், வீட்டுக்கு வருகிற சொந்தக்காரருக்குச் சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிட்டது. "நான் மற்றத் தாய்மாரைப் போலை இல்லை. கண்டும் காணாத மாதிரி விட்டனான்."

போன நத்தாருக்கும் வோபர்னில் உள்ள மரியம்மாவின் வீட்டில் அந்தக் கதை நடந்தது. ஸ்டெபனி இப்போது நகரத்துக்குள் இருக்கிறாள். அவளுடைய ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த அரங்கத்தின் கூரை தெரியும். நத்தார், ஈஸ்டர், அம்மாவின் பிறந்தநாள் மூன்றுக்கும் தவறாமல் வருவாள். நாலாவதாக ஒரு நாள் இல்லை. கதை முடிந்து, கணவர் யோசப் முதல்தடவை கேட்பவர்போல் சிரித்து, சனம் கலைந்தபிறகு, குசினியில் தட்டுத் துடைத்துக்கொண்டு நின்ற மகள் சொன்னாள்:

"அம்மா, நான் அண்டைக்கு ஷோ பாக்கேல்லை."

"விசர்க்கதை. நான்தானே உள்ளுக்கு விட்டனான்."

"விட்டனீங்க. நான் உங்களுக்குப் பின்னாலை, அந்தத் தூணடியிலை நிண்டனான். ஐ தோட், ஒருக்காத் திரும்பிப் பாப்பீங்க எண்டு. ஏசினாலும் பரவாயில்லை. ரூ அவர்ஸ், அம்மா."

"நான் வேலையிலை நிண்டனான் பிள்ளை."

"ஓம். தெரியும்." தட்டை அலமாரியில் வைத்தாள். "நீங்க என்னை மேம் எண்டு கூப்பிட்டனீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வந்திருக்கிற நோயாளிக்குச் சோதனை முடிவை வாசிக்கிற குரலில் சொன்னாள். மரியம்மாவுக்கு அந்த இரண்டு மணித்தியாலமும் நல்ல நினைவு. திரும்பாமல் நின்றது தற்செயல் அல்ல. தாம் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கமலாம்பிகை பார்த்துவிடுவார் என்றுதான் கழுத்தை இறுக்கி வைத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் பாட்டு நடந்தது. மகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லிப் பார்த்தார். "ஃபாதர் மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னவர். எத்தினை பேற்றை பாவத்தைக் கேக்கிறவர், என்ரை அவருக்குச் சின்னதாத் தெரிஞ்சிருக்கும்." மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்பது நண்டுக்கறி வைத்து அனுப்புவதுதான். யோசப் மூன்றுமுறை கறிச்சட்டியை ஸ்ரீட்கார் ட்ராமில் மடியில் வைத்துக்கொண்டு போனார். மூன்றுமுறையும் கழுவித் துடைத்த சட்டியோடு திரும்பி வந்தார். "ருசியா இருந்ததாம்" என்றார்.

அப்படியிருக்கையில்தான் சித்திரைப் பட்டியலில் பெட்டி தட்டுகிறவர்கள் மறுபடி வந்தார்கள்: ஒக்டோபர் பதினெட்டு. மரியம்மா வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கொன்சேட்டுக்கு ரிக்கற் வாங்கத் தீர்மானித்தார். விற்பனை தொடங்கிய காலை யோசப் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இஞ்சருங்கோ, எத்தினையாம் ஆளா நிக்கிறம்?"

"எங்களுக்கு முன்னாலை பதினோராயிரம் பேராம்."

"ஒருத்தரையும் காணேல்லை."

"உள்ளுக்குள்ளை நிக்கினம்."

"உவையின்ரை பையெல்லாம் ஆர் பாக்கிறது?" என்றார் மரியம்மா. வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.

அருகருகே இரண்டு இருக்கைகள் கிடைத்தன. ஒன்றை மரியம்மா மகளின் ஃபோனுக்கு அனுப்பினார். கூட ஒரு வரி எழுத நினைத்து, என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டார். அனுப்பிய ரிக்கற்றைப் பெறுபவர் இன்னும் ஏற்கவில்லை என்று ஃபோன் சொன்னது. வைகாசியிலும் அதையே சொன்னது. ஆவணியிலும். ஷிப்ட் இடைவேளைகளில் மரியம்மா தேத்தண்ணிக்கு முதல் அதைத்தான் திறந்து பார்ப்பார்.

போன கிழமை குரல்செய்தி வந்தது. "அம்மா, ரிக்கற் கண்டனான். லேற்றாச் சொல்லுறதுக்கு சொறி. உண்மையைச் சொன்னா நான் இப்ப உந்த மியூசிக் கேக்கிறேல்லை. எனக்கு அங்கை வாசலுக்கு வர விருப்பமில்லை. நீங்க போங்கோ. போய்க் கேட்டிட்டு, எப்பிடி இருந்தது எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

மரியம்மா அதை ஏழுதரம் கேட்டார். "கோவமாச் சொல்லேல்லை" என்றார் யோசப்பிடம்.

"ஓம்," என்றார் யோசப். "கோவமெண்டா வந்திருப்பாள்."

வெள்ளிக்கிழமை குளிசைக்காரரின் மூன்றாவது பிரியாவிடை. கதவு திறக்க இன்னும் சில நிமிடம். கண்ணாடிக்கு வெளியே நரைத்த தலைகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. நாலாம் மேசையில் கமலாம்பிகை கையுறை மாட்டிக்கொண்டே கேட்டார்: "பதினெட்டாந்திகதி லீவு கேட்டிருக்கிறீராம். ஆற்றை கலியாணம்?"

"கலியாணமில்லை அக்கா. பெட்டி தட்டிற ஆக்களைக் கேக்கப் போறன்."

"உள்ளுக்கோ?"

"உள்ளுக்குத்தான்."

"ஆரோடை?"

"மகளோடை எண்டுதான் எடுத்தனான். அவள் வரேல்லையாம். தனியத்தான்." பிறகு, பதினாலு வருடம் தாமதமாக, சொன்னார்: "அக்கா, அவை முந்தி வந்தநேரம் ஒரு பிள்ளை என்ரை மேசைக்கு வந்தது. நாவல் நிறப் பையோடை. நான் மேம் எண்டு—"

"உம்மடை மகள்" என்றார் கமலாம்பிகை.

மரியம்மா பார்த்தார்.

"அப்பவே தெரியும். முகம் உம்மடை முகமெல்லே. 'அம்மா' எண்டதும் கேட்டது."

"நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"என்னத்தைச் சொல்லுறது மரியம்? பெட்டையள் பாட்டுக் கேக்க வாறது ஒரு கதையோ? நீர் தெரியாத மாதிரி நிண்டீர், நானும் தெரியாத மாதிரி நிண்டன்." கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தார். "பாவம், பிள்ளை கனநேரம் அந்தத் தூணடியிலை நிண்டது. நான் ஒருக்காப் போய் ஒரு போத்தில் தண்ணி குடுத்தனான். உம்மைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது."

கதவு திறந்தது. முதலாவதாக வந்த முதியவர் கைப்பையை விரியத் திறந்து, ஐந்தாம் மேசையில் வைத்து, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொல்லிவிட்டுக் காத்து நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. மரியம்மா குச்சியைக் கையில் பிடித்தபடி, அவ்வளவு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, தூணடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.